கலைத்துத் தின்னும் பாத்தி

ஆறடி நீளம், மூன்றடி அகலம். கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் வாடகை வீட்டுக்குப் பின்னால் எனக்கென்று வாய்த்த மண் அவ்வளவுதான். சுற்றிலும் செங்கல் அடுக்கி, டிராக்டரில் வந்த ஏரி வண்டலையும் மக்கிய சாணத்தையும் கொட்டி நிரப்பினேன். பாலக், வெந்தயமெல்லாம் எந்தக் கடையிலும் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது, அதைப் போட்டு என்ன ஆகப் போகிறது? பண்ணைக்கீரை, சக்கரவர்த்திக்கீரை, பருப்புக்கீரை, புளிச்சகீரை, வல்லாரை, தவசிக்கீரை என்று, ராபர்ட்சன்பேட்டைச் சந்தையில் மழைக்குப் பிறகு நாலு நாள் தலைகாட்டிவிட்டுக் காணாமல் போகிறவைதான் என் பட்டியல். விதையும் நாற்றும் ஒருவழியாகச் சேர்ந்துவிட்டன. செடிக்குச் செடி எவ்வளவு இடம் விடுவது என்று கேட்டால்தான் யாரிடமும் பதில் இல்லை.

இருக்கவும் முடியாது. பண்ணைக்கீரை ராகிக் கொல்லையின் களை. பருப்புக்கீரை வரப்பிலும் வாசலிலும் தானாகப் படர்வது. தானாக முளைப்பதை யார் நூல் பிடித்து நட்டிருக்கிறார்கள்? கோலார் பக்கத்துக் கன்னடக்காரர்கள் 'பெரக்கெ சொப்பு' என்பார்கள்: கலப்புக் கீரை. மழை பெய்த மறுவாரம் கொல்லையில் இறங்கி, கைக்கு அகப்பட்ட எட்டுப் பத்து வகை இலைகளை மடியில் கட்டிக்கொண்டு வந்து, ஒரே சட்டியில் வேகவைத்துச் சாறு எடுத்து, ராகிக் களியோடு சாப்பிடுவது. அந்தச் சட்டியில் இடைவெளிக்கு இடமே இல்லை. கொல்லையில் இருக்கிறது, ஆனால் அதை அமைத்தவர் எவரும் இல்லை.

முதல் தடவை நான் செய்தது எல்லோரும் செய்யும் தவறு. கீரை விதை தூசு மாதிரி இருக்கும், ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேல். கோவை வேளாண் பல்கலைக்கழகம் தண்டுக்கீரை, சிறுகீரை வகைகளுக்குப் பரிந்துரைப்பது எக்டேருக்கு 2.5 கிலோ. அதை என் பாத்திக்குச் சுருக்கினால் அரை கிராம்கூட வராது. நான் போட்டதோ ஒரு கைப்பிடி. மணலோடு கலந்து தூவ வேண்டும் என்பதும் அப்போது நினைவுக்கு வரவில்லை. ஒரு வாரத்தில் பாத்தி முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகக் கம்பளி விரித்ததுபோல் ஆகிவிட்டது. அடுத்த தெருவில் கீரை விற்கிற ஆயா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, நாத்து வுடறியா, கீர போடறியா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே வந்து, குந்தி உட்கார்ந்து, கை நிறையப் பிடுங்கி என் கையில் திணித்தார். "இத்த இன்னிக்கே கடஞ்சிடு. நாளிக்கி அந்தாண்ட புடுங்கு."

அந்தக் கைப்பிடி நாற்றின் வேரை உதறிக்கொண்டே அவர் சொன்னதை, தாவர அறிவியல் 1950-களில் சமன்பாடாக எழுதியிருக்கிறது. அதை எழுதிய ஊருக்கும் தங்கவயலுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டொனால்டு என்ற வேளாண் ஆய்வாளர், மேய்ச்சல் நிலத்துக் குளோவர் செடியைப் பல அடர்த்திகளில் விதைத்துப் பார்த்து 1951-ல் முடிவுகளை வெளியிட்டார். விதை எவ்வளவு கூட்டினாலும், ஓர் அளவுக்கு மேல், கடைசியில் கிடைக்கும் மொத்த எடை கூடுவதில்லை. நெருக்கமாகப் போட்டால் செடி சிறுக்கிறது. தள்ளிப் போட்டால் பெருக்கிறது. தராசுத் தட்டில் இரண்டும் ஒன்றுதான். ஜப்பானில் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தில் தத்சுவோ கிராவின் குழு சோயா உள்ளிட்ட பயிர்களில் இதையே கண்டு, 1950-களின் நடுவில் கணித வடிவம் கொடுத்தது. 'மாறா இறுதி விளைச்சல் விதி' என்று சொல்லலாம். நிலத்தில் விழும் வெயிலும், வேருக்கு எட்டும் நீரும் உப்பும் இவ்வளவுதான் என்றிருக்கும்போது, பங்குபோட வந்தவர் எத்தனை பேர் என்பதால் மொத்தப் பானை பெரிதாகிவிடாது.

அப்படியானால் இடைவெளியைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? அந்த விதியில் 'கடைசியில்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதனால்தான். இருபதாம் நாளில் கணக்கு வேறு. தள்ளிப் போட்ட பாத்தியில் அன்றைக்குப் பாதி மண் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். மண்ணில் விழுந்த வெயில் சட்டிக்கு வராத வெயில். நெருக்கமாகப் போட்ட பாத்தியோ அதற்குள் மண் தெரியாமல் மூடி, விழுகிற வெயிலையெல்லாம் இலையில் வாங்கிக்கொண்டிருக்கும். நெருங்கிய பாத்தி முதலில் முந்தும். அகன்றது பிறகு எட்டிப் பிடிக்கும். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால், இரண்டும் வேண்டும் என்பதுதான் ஆயாவின் பதில். இன்று நெருக்கம், நாளைக்கு அகலம். நடுவில் உள்ளதைக் கடைந்து தின்றுவிட வேண்டும்.

எவ்வளவு வேகமாகக் கலைப்பது? அதற்கும் ஒசாகாவிலிருந்தே ஒரு விதி வந்தது. 1963-ல் யோடா, கிரா, ஒகாவா, ஹோசுமி நால்வரும், நெருக்கமாக முளைத்த செடிக்கூட்டம் வளர வளர எப்படித் தானாகவே குறைகிறது என்று அளந்தார்கள். இதை மாரிக்குப்பம் ரயிலை வைத்து யோசிக்கலாம். காலையில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற கூட்டம் ஏறியதும் பெட்டியில் கால் வைக்க இடமில்லை. ஆனாலும் எப்படியோ போய்ச் சேர்கிறார்கள். காரணம், ஏறியவர்கள் அதே அளவில் இருக்கிறார்கள். பங்காருப்பேட்டை வருவதற்குள் ஒவ்வொருவரும் உயரத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்காகிவிட்டால்? ஆளுக்கு வேண்டிய தரை நாலு மடங்கு. ஆளின் எடை எட்டு மடங்கு. நாலில் மூன்று பேர் இறங்கித்தான் ஆக வேண்டும். செடிக்கும் அதேதான். தரை நீளத்தின் வர்க்கம், எடை நீளத்தின் கனம். எனவே எடை எட்டு மடங்காகும்போது எண்ணிக்கை நாலில் ஒன்றாகும்.

எண்ணில் பார்த்தால் இதன் ருசி தெரியும். கணக்குக்காக, ஒரு மூலையில் 64 செடிகள், ஒவ்வொன்றும் 5 கிராம் என்று வைப்போம். மொத்தம் 320 கிராம். அவை 40 கிராமாகும்போது 16-க்குத்தான் இடம். மொத்தம் 640 கிராம். செடி குறைந்தது, கீரை கூடியது. நடுவில் போன 48 செடிகள்? வயலில் விட்டால் மஞ்சளாகி, நிழலில் மெலிந்து, மண்ணோடு மக்கும். பாத்தியில் அவை சாவதற்கு ஒரு நாள் முன்பே சட்டிக்குள் போய்விட வேண்டும். பயிர் கலைத்தல் என்று விவசாயத்தில் சொல்கிற வேலையைக் கீரையில் மட்டும்தான் அறுவடை என்றே சொல்லலாம்.

(1998-ல் என்குவிஸ்ட் முதலான அமெரிக்க ஆய்வாளர்கள், தரையையும் கனத்தையும் விட்டுவிட்டுச் செடிக்குள் ஓடும் நீர்க்குழாய்களின் கிளைப்பை வைத்துக் கணக்கிட்டு, யோடாவின் விகிதம் சற்றுப் பிசகு என்றார்கள். அவர்கள் கணக்கில் எடை எட்டு மடங்கானால் மிஞ்சுவது நாலில் ஒன்று அல்ல, ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. சூழலியல் இதழ்களில் இதற்காகப் பெரிய சண்டையே நடந்தது. கீரை கடைகிற மத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது.)

இனி அந்தத் தொடர்பு. 1960-களின் தொடக்கத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு சேர்ந்து தங்கவயல் சுரங்கத்துக்குள் கருவிகளை இறக்கியதும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தை 1965-ல் கண்டார்கள். அவர்கள் இயற்பியல்காரர்கள், செடிகளை எண்ணிய கிரா, யோடா குழுவுக்கும் அவர்களுக்கும் வேலையில் எந்த உறவும் இல்லை. ஆனால் ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரு கட்டடத்தில் களைச்செடிகளை எடைபோட்டுக்கொண்டிருந்த காலத்தில், இன்னொரு கட்டடத்துக்காரர்கள் ஆண்டர்சன்பேட்டைக்கு அடுத்த சுரங்கவாயில் கூண்டில் இறங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது, பாத்தியில் குந்தியிருக்கும்போது நினைத்துக்கொள்ள நன்றாக இருக்கிறது.

நியூட்ரினோ பாறையை ஊடுருவும். இலையையும் ஒன்று ஊடுருவுகிறது. அதைக் கொண்டுதான் செடி பக்கத்து வீட்டை வேவு பார்க்கிறது. இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். அதை அடுத்த, நம் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத தொலைசிவப்பு ஒளியை விழுங்காது. கடந்துபோக விடும், அல்லது திருப்பியடிக்கும். திறந்த வெயிலில் சிவப்பும் தொலைசிவப்பும் கிட்டத்தட்டச் சமம். இலைக்கூட்டத்தின் அடியில் சிவப்பு வடிகட்டப்பட்டுத் தொலைசிவப்பே மிஞ்சும். செடியில் இந்த இரண்டின் விகிதத்தை அளக்கும் நிறமி ஒன்று உண்டு, பைட்டோகுரோம். அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் 1952-ல் லெட்டூஸ் விதைகளை மாறி மாறிச் சிவப்பிலும் தொலைசிவப்பிலும் காட்டி, முளைப்பதையும் முளைக்காததையும் சுவிட்சு போல மாற்றிப் போட்டுக் காட்டியபோது அதன் இருப்பு புரிந்தது.

எனக்குப் பிடித்த சோதனை அதற்கு வெகு பின்னால், அர்ஜென்டினாவில் நடந்தது. பயாரேவும் அவரது கூட்டாளிகளும் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று ஊமத்தை, நம் ஊர் ஊமத்தையின் பங்காளி. நாற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று நிழல் போடாத அளவுக்குச் சிறியவை. ஆனாலும் கூட்டத்தில் இருந்தவை விறுவிறுவென்று தண்டை நீட்டின. பிறகு தண்டைச் சுற்றி, தொலைசிவப்பை மட்டும் உறிஞ்சும் மயில்துத்தக் கரைசல் நிரப்பிய வளையம் மாட்டினார்கள். நீட்டுவது குறைந்துபோனது. நிழல் விழுவதற்கு முன்பே, பக்கத்து இலையிலிருந்து திரும்பிவந்த தொலைசிவப்பைத் தண்டு பார்த்துவிடுகிறது. 'பக்கத்தில் ஆள் இருக்கிறது, சீக்கிரம் உயரு' என்கிற செய்தி அது. 1990-ல் 'சயின்ஸ்' இதழில் இதைப் பற்றி எழுதினார்கள்.

கீரை போடுகிறவருக்கு இதில் நேரடி நஷ்டம் இருக்கிறது. உயர்வதற்குச் செலவிடும் சத்து இலைக்குப் போக வேண்டியது. நெருக்கத்தில் நிற்கிற பண்ணைக்கீரை ஒரு முழம் உயர்ந்திருக்கும். கிள்ளினால் ஐந்து இலை தேறாது. தண்டுக்கீரை போட்டவருக்கு அது நஷ்டமல்ல, தண்டுதானே சாம்பாருக்கு. ஒரே நெருக்கம் ஒரு கீரையில் குற்றம், இன்னொன்றில் குணம். நிழலில் வளரும் இலையில் நைட்ரேட்டும் அதிகம் சேரும். அதைப் புரதமாக மாற்றும் வேலைக்கு வெயில் வேண்டும். ஆகவே 'எவ்வளவு இடம்' என்பதற்கு முன் 'எதைத் தின்னப் போகிறோம்' என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தானியத்தில் கேள்வியே வேறு. ஹாவேரி மாவட்டத்து விவசாயிகள் குளி ராகி முறையில் ஒன்றரை அடிக்கு ஒரு குழி தோண்டி இரண்டிரண்டு நாற்று நடுகிறார்கள். தூர் கட்டி, கதிர் பருத்து வருகிறது. அவர்களுக்கு வேண்டியது கதிர், இலையல்ல. அந்த ஒன்றரை அடியைக் கொண்டுவந்து என் பாத்தியில் போட்டால் எட்டுச் செடிதான் நிற்கும். ஒரு மாதம் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வெறும் மண்ணுக்கு இந்த ஊரில் இன்னொரு பொருள் உண்டு. தங்கக்கல்லை மாவாக அரைத்து, சயனைடில் கரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய சாம்பல்நிறப் பொடி, குன்று குன்றாக ஊரைச் சுற்றி நிற்கிறது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது, மேடுகள் மூடப்படவில்லை. காற்றுக் காலத்தில் அந்தத் தூள் கொடியில் காயும் துணிவரை வந்துவிடும். சயனைடு வெயிலில் நாளடைவில் சிதைந்துவிடும். கல்லில் இருந்த உலோகங்கள் சிதையாது. காய், தானியத்தைவிட இலையில்தான் பொதுவாக இவை அதிகம் சேரும். வேர் வழியாகவும் சேரும், இலைமேல் ஒட்டியும் சேரும். அதனால்தான் வீட்டு மண்ணை விட்டுவிட்டு ஏரி வண்டலை வாங்கினேன், செங்கல் வைத்து உயர்த்தினேன். செடிகளுக்கிடையே மண் தெரிந்தால் மழைத்துளி அதை இலையின் அடிப்பக்கம்வரை வாரி இறைக்கும். மூடிய பாத்தியில் அது நடக்காது. என்ன மூடினாலும், பறித்ததை மூன்று தண்ணீரில் அலசுவதை மட்டும் நான் விட்டதில்லை.

*

இனி வடிவக் கணக்கு. தோட்டப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் ஒரு ரகசியம் போல வருவது முக்கோண நடவு. சதுரமாக நடாமல், ஒரு வரிசையின் இடைவெளியில் அடுத்த வரிசைச் செடி வருமாறு நட்டால், அதே இடைவெளியில் 15 சதவீதம் அதிகச் செடி பிடிக்கும். கணிதத்தில் இது உண்மை. முழுமனதோடு நம்பி, நூல் கட்டி, சாண் அளந்து (ஒரு சாண் என்பது ஒன்பது அங்குலம்) குச்சி நட்டுப் பார்த்தேன். சதுரத்தில் எட்டுக்கு நாலு, 32 செடி. முக்கோணத்தில், வரிசைகளை அகலவாட்டில் ஓடவிட்டால் நாலும் மூன்றும் மாறிமாறி ஒன்பது வரிசை. கூட்டினால் அதே 32. நீளவாட்டில் ஓடவிட்டாலோ எட்டும் ஏழும் மாறி நாலு வரிசை, வெறும் 30! புத்தகம் வாக்களித்த 15 சதவீதம் பாத்தியின் விளிம்பில் சிந்திப்போயிருந்தது. அரைச் செடிக்கு இடம் மிஞ்சும் இடத்திலெல்லாம் அரைச் செடி நட முடியாதே.

விளிம்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். எட்டுக்கு நாலு நட்டால் 32-ல் 20 செடி ஓரத்தில் நிற்கின்றன. அதே சாண் இடைவெளியில் ஒரு ஏக்கர் நட்டால், ஓரத்தில் நிற்பது நூற்றுக்கு ஒன்றரைகூடத் தேறாது. விதைப் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் அங்குலங்கள் எல்லாம் அந்த ஏக்கர்காரருக்கானவை. நாலு பக்கமும் பங்காளி நிற்கிற செடிக்கானவை. என் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பக்கம் பங்காளியே இல்லை. மதில்வரை காலி, அங்கிருந்து வெயில் சாய்ந்து வருகிறது. பயிர் ஆராய்ச்சிக்காரர்கள் சோதனைப் பாத்தியின் ஓர வரிசைகளை எடைபோடாமல் தள்ளிவிடுவார்கள், அவை அநியாயமாகப் பெருத்திருக்கும் என்பதால். நமக்கு அந்த அநியாயம்தான் முழு விளைச்சலும். ஆகையால் சின்னப் பாத்தியில் பொட்டலம் சொல்வதைவிட நெருக்கமாக நடலாம். ஓரச் செடியைச் செங்கல்மேல் இலை சாயும்படி வெளியே தள்ளியும் நடலாம்.

ஓரத்துக்கு ஒரு தண்டனையும் உண்டு. பக்கக் காற்று அதை முதலில் காயவைக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை, அதுவும் பெரும்பகுதி ஆவணியிலிருந்து ஐப்பசிக்குள். பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாயில் தண்ணீர் வந்த காலத்தைப் பெரியவர்கள் இன்னமும் சொல்கிறார்கள். இப்போது என் பாத்திக்குக் கிடைப்பது அரிசி கழுவிய நீரும், தண்ணீர் வரும் நாளில் மிஞ்சுகிற இரண்டு குடமும். எனவே ஓரத்தில் யாரை நிறுத்துவது என்பது அழகுப் பிரச்சினை அல்ல.

பருப்புக்கீரையை நிறுத்தினேன். இந்தத் தரையொட்டிச் செடிக்குள் இரண்டு இயந்திரங்கள் உண்டு. கரும்பு, சோளம், முளைக்கீரை போல வெயிலைக் கெட்டியாகப் பிடிக்கும் சி4 முறை ஒன்று. 1960-களில் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் துலக்கிய வழி. தண்ணீர் குறைந்தால், கள்ளி, கற்றாழை போல இரவில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை அமிலமாகச் சேமித்து, பகலில் மூடிக்கொண்டு பயன்படுத்தும் முறை மற்றொன்று. இரண்டும் ஒரே இலையில், அதுவும் ஒரே செல்லுக்குள் பின்னிப் பிணைந்து நடப்பதை யேல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2022-ல் காட்டினார்கள். தண்ணீர் ஊற்றாமல் நாலு நாள் விட்டு, விடியற்காலையில் ஓர் இலையைக் கடித்துப் பாருங்கள், சாயங்காலம் இன்னொன்று. காலை இலையில் புளிப்பு தூக்கலாக இருக்கும். இரவெல்லாம் சேர்த்த அமிலம் அது. இந்தச் செடிக்கு இடைவெளி என்று தனியாக எதுவும் வேண்டாம். செங்கல் சந்தில் வேர்விட்டு வெளிப்பக்கம் படர்ந்து, பாத்தியின் தரையைத் தொடாமலே தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது.

வல்லாரை இதற்கு நேர் எதிர். ஓடும் தண்டு, கணுவுக்குக் கணு வேர், ஈரமும் அரைநிழலும் போதும். அதை நடுவில், மற்றவற்றின் காலடியில் விட்டேன். தொலைசிவப்பைக் கண்டு பதறி உயரக்கூடிய தண்டே அதற்கு இல்லை. இடைவெளி என்பது தரையில் மட்டும் அளக்கிற நீளம் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, ஒரே சாண் மண்ணில் மேலே புளிச்சகீரையும் கீழே வல்லாரையும் சண்டையில்லாமல் நிற்பது ஒரு பாடமாக இருந்தது. பொன்னாங்கண்ணியும் இதே ஜாதிதான், ஆனால் கொஞ்சம் அடாவடி. ஒரு மழைக்காலம் கண்டுகொள்ளாமல் விட்டால் பாத்தியே அதன் பெயரில் பட்டாவாகிவிடும். தொட்டியோடு புதைத்தேன். கொடிப்பசலைக்கும் முடக்கத்தானுக்கும் மதில். தரையில் அவை கேட்பது நாலு விரல் மண்தான்.

உயரமானவற்றை வடக்கோரம் நடு, நிழல் பாத்திக்கு வெளியே விழும் என்று எழுதாத தோட்டப் புத்தகம் கிடையாது. லண்டனில் எழுதியவர்களுக்கு அது சரி. இங்கே அட்சரேகை ஏறக்குறைய 13 பாகை. சித்திரையில் ஒரு நாள் சூரியன் உச்சந்தலைக்கு வந்து, வடக்கே நகர்ந்து, ஆவணித் தொடக்கத்தில்தான் திரும்பி வருகிறது. நடுவே உள்ள ஏறக்குறைய நாலு மாதமும் உச்சிவேளை நிழல் தெற்கே விழும். ஆடியில் விதைத்துவிட்டு வடக்கில் புளிச்சகீரையை வேலிபோல நிறுத்தினால், கொஞ்ச நாளைக்கு நிழல் உள்ளேதான். மதியத்து நிழல் குட்டையானது, அது பெரிய பாதகமில்லை. காலை மாலை நிழல்தான் நீளம். உயரமான வரிசையைக் கிழக்கு மேற்காக நிறுத்தினால் அது பெரும்பாலும் தன் வரிசைமீதே விழுந்துவிடும். முளைக்கீரை மாதிரி சி4 செடிகளுக்கு இது முக்கியம். முழு வெயிலிலும் போதும் என்று சொல்லாத வர்க்கம் அது. நிழலில் வைத்தால் அதன் திறமை முழுக்க வீண்.

"என்னை என்ன கிள்ளுக்கீரை என்று நினைத்தாயா?" என்று சண்டையில் கேட்போம். கிள்ளுக்கீரையை இவ்வளவு இளப்பமாகப் பேசுவது அறிவியலுக்கு ஒத்துவராது. நுனியைக் கிள்ளுவதுதான் பாத்தியில் நடக்கிற மிகப் பெரிய ஆட்சிமாற்றம். நுனிமொட்டு ஆக்சின் என்ற இயக்குநீரைக் கீழே அனுப்பி, பக்க மொட்டுகளை உறங்க வைக்கிறது என்பதைத் திமன், ஸ்கூக் இருவரும் 1930-களில் அவரைச் செடியில் காட்டினார்கள். பின்னால் பட்டாணியில் பார்த்தவர்கள், நுனியை வெட்டியதும் முதலில் ஓடிவருவது சர்க்கரைதான், அதுவே மொட்டை எழுப்புகிறது என்று 2014-ல் திருத்தினார்கள். எப்படியானாலும், ஒரு தலை போய் நாலு தலை வருகிறது. அதோடு செடியின் வடிவமும் மாறுகிறது: ஊசியாக நின்றது குடையாகிறது. வேரோடு பிடுங்குகிற கீரைக்கு இரண்டு விரல் இடம் போதும். கிள்ளிக் கிள்ளி மூன்று மாதம் வைத்திருக்கப் போகிற செடிக்கு ஒரு சாண் வேண்டும். இரண்டும் ஒரே விதை, ஒரே செடியாகக்கூட இருக்கலாம்.

இப்போது நான் செய்வது இப்படி. மணலோடு கலந்த விதையைத் தூவி, மேலே மண் போடாமல் உள்ளங்கையால் தட்டிவிடுவேன். தூசி விதை ஆழத்தில் போனால் வெளிச்சம் பார்க்கும் முன்பே கையிருப்பு தீர்ந்துவிடும். மூன்றாம் வாரம் இரண்டு விரலுக்கு ஒன்று நிற்கும்படி பிடுங்கல், அது கடைசல். அடுத்த வாரம் நாலு விரல், அது பொரியல். மீதி நிற்பது ஒரு சாண் இடைவெளியில், அன்றைக்கே நுனி கிள்ளப்படும். சக்கரவர்த்திக்கீரையை மட்டும் இரண்டாம் பிடுங்கலிலேயே முடித்துவிடுவேன். கிள்ளக் கிள்ள அது பூவுக்கு அவசரப்படுகிறது, வெயில் ஏறினால் இன்னும் அவசரம். புளிச்சகீரை நாலே செடி. ஒரு வீட்டுக்கு அதற்கு மேல் புளிப்பு தாங்காது.

தவசிக்கீரை பல ஆண்டுகள் நிற்கிற புதர். தென்மேற்கு மூலையில் ஒரு முழம் விட்டேன், அதுவே கஞ்சத்தனம். இதை 'மல்டி விட்டமின் கீரை' என்று சொல்லி விற்கிறார்கள், பச்சையாகத் தின்னச் சொல்கிறவர்களும் உண்டு. 1990-களின் நடுவில் தைவானில் உடல் இளைக்க இதன் பச்சைச் சாற்றை நாள்தோறும் குடித்த பலருக்கு நுரையீரலின் சிறுகுழாய்கள் அடைபட்டு, மீளாத மூச்சுத்திணறல் வந்தது. வேகவைத்து, அளவாக, வாரத்துக்கு ஒருமுறை. என் வீட்டில் அது பருப்போடுதான்.

பண்ணைக்கீரையில் ஒன்றே ஒன்றைக் கிள்ளாமல் விட்டேன், விதைக்கு. கிள்ளாத செடிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அப்போதுதான் பார்த்தேன்: இடுப்புயரம், சுற்றிலும் ஒரு முழம், முனையில் வெள்ளியும் இளஞ்சிவப்புமாகப் பூக்கதிர்கள். ஆயா வந்து பார்த்துவிட்டு, "இத்த ஏன் வுட்டே? ஊரெல்லாம் மொளைக்கும்" என்றார். காய்ந்த கதிரைத் தாளில் தட்டி விதை எடுத்தேன். தாளுக்கு வெளியே எவ்வளவு சிந்தியது என்று கவனிக்கவில்லை. அடுத்த புரட்டாசி மழைக்கு நாலாம் நாள், பாத்தியிலும் செங்கல் சந்திலும் துணி துவைக்கிற கல்லைச் சுற்றியும் முளைவிட்டிருந்தது. ஒரு சாண் சதுரத்தில் எத்தனை என்று எண்ணத் தொடங்கி, நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டு, சட்டியை எடுத்துவரப் போனேன்.